வேட்டித் திரையில் பார்த்த படங்கள்

ஏப்ரல் 14 நெருங்கினால் போதும், மாவட்டத்தில் ஏதாவது ஒரு காலனியிலிருந்து எங்களில் யாருக்காவது போன் வந்துவிடும். "இந்த வருசமாச்சும் படம் போடுவீங்களாண்ணே?" என்று கேட்பார்கள். இந்த ஆண்டும் வந்தது. பேசிய தம்பி விழாவைக் கடைசியாகப் பார்த்தபோது நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாராம். இப்போது கல்லூரி. "ஒரு அக்கா பேசிக்கினே தெருவ கூட்டுவாங்களே, அந்தப் படத்த இன்னொரு தடவ பாக்கணும்ணே" என்றார். பதில் சொல்ல எங்களுக்குக் கொஞ்சம் நேரமானது.

2005இல் தொடங்கினோம். 2017இல் நின்றது. அண்ணல் பிறந்தநாளையொட்டி 3 நாள் குறும்பட விழா. விழுப்புரத்தில் ஒரு நாள், மீதி இரண்டு நாளும் காலனிகளில். அப்போது கள்ளக்குறிச்சியும் நம்மோடு சேர்ந்திருந்த பெரிய மாவட்டம் இது. 2011இல் மட்டும் நடத்தவில்லை. ஏப்ரல் 13 அன்றே சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு வந்துவிட்டது. ஆக, 13 ஆண்டுகளில் 12 விழா. 'விழா' என்று சொல்வதால் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். இரண்டு மூங்கில் கழி, நடுவே தைத்துச் சேர்த்த இரண்டு எட்டு முழ வேட்டி, கடலூரிலிருந்து வாடகைக்கு எடுத்துவந்த புரொஜெக்டர், மைக்செட்காரர் கடனுக்குக் கொடுத்த இரண்டு பாக்ஸ் ஸ்பீக்கர். அவ்வளவுதான். குறும்படத்துக்கும் ஆவணப்படத்துக்கும் நாங்கள் வித்தியாசம் பார்த்ததில்லை. மக்களும் பார்க்கவில்லை. எல்லாமே அவர்களுக்குச் 'சின்னப் படம்'.

இந்த யோசனை வந்ததற்கு மும்பை காரணம். 2004 பிப்ரவரியில் அங்கே நடந்த அரசுத் திரைப்பட விழாவில், இந்தியப் படங்கள் தணிக்கைச் சான்றிதழோடுதான் வர வேண்டும் என்று நிபந்தனை வைக்கப்பார்த்தார்கள். வெளிநாட்டுப் படங்களுக்கு அந்த நிபந்தனை இல்லை. ஆவணப்படக்காரர்கள் எதிர்த்து நின்றார்கள். நிபந்தனை போனாலும், நெருக்கடியான பல படங்கள் தேர்வாகாமல் வெளியே நின்றன. அவற்றையெல்லாம் சேர்த்துப் பக்கத்திலேயே 'விகல்ப்' என்ற பெயரில் தனி விழா நடத்திக் காட்டினார்கள். அந்தச் செய்தியைச் சிற்றிதழ் ஒன்றில் படித்த எங்கள் நண்பர் ஒருவர், "அவங்க ரோட்டுக்கு எதிர்ல போட்டுட்டாங்க, நாம காலனியில போட்டா என்ன?" என்று கேட்டார். மதுரையில் அமுதன் 1990களிலிருந்தே இப்படி ஒரு விழாவை நடத்திக்கொண்டிருந்தார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். அந்த விழா நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நின்றது எங்களுடையது.

முதல் ஆண்டு, முதல் படம், அமுதன் எடுத்த 'பீ'. 2003இல் வந்தது, 26 நிமிடம். மதுரையில் கோயிலையொட்டிய ஒரு தெரு. அங்கே கிடக்கும் மலத்தை ஒரு துப்புரவுப் பணியாளர் அன்றாடம் அள்ளுகிறார். கேமரா அவர் பின்னாலேயே போகிறது. வேறு எங்கும் போவதில்லை. உலர் கழிப்பிடங்களையும் கையால் மலம் அள்ள ஆள் வைப்பதையும் தடை செய்து 1993இல் சட்டம் வந்து பத்து ஆண்டுகள் கழித்து எடுத்த படம் அது. பெயரைச் சொல்லியே பிட் நோட்டீஸ் அடித்தோம். அச்சகத்தில் மெய்ப்பு பார்த்தவர், "எழுத்து விட்டுப்போயிருக்கா சார்?" என்று கேட்டார்.

படம் ஓடத் தொடங்கி ஐந்து நிமிடத்தில் முன்வரிசைச் சிறுவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பத்தாவது நிமிடத்தில் சிரிப்பு நின்றது. அந்த அக்கா பேசப் பேச, கூட்டத்திலிருந்த பெண்கள் திரைக்குப் பதில் சொல்லத் தொடங்கினார்கள். "ஆமாண்டி… அப்டிதான்டி" என்று ஒரு பாட்டி விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். பேரூராட்சியில் 30 ஆண்டு கூட்டியவர் அவர். படம் முடிந்ததும் எங்களைக் கூப்பிட்டு, "அது கையில உறை இல்லாம அள்ளுதே, படம் புடிச்சவன் ஒரு உறை வாங்கிக் குடுத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டார். படம் எடுப்பவன் குறுக்கிடலாமா கூடாதா என்று திரைப்படப் பள்ளிகளில் பல ஆண்டாக விவாதிக்கிறார்கள். எங்களுக்கு அந்தக் கேள்வி அறிமுகமானது அந்தப் பாட்டியின் வாயால்.

இரண்டாம் ஆண்டோ மூன்றாம் ஆண்டோ, 'ராமையாவின் குடிசை' போட்டோம். பாரதி கிருஷ்ணகுமார் இயக்கியது. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டதை, பிழைத்தவர்கள் சொல்லக் கேட்டுப் பதிவு செய்த படம். கூலி உயர்வு கேட்டதற்காக நடந்த கொலை. கீழ்நீதிமன்றம் கொடுத்த தண்டனையை உயர் நீதிமன்றம் நீக்கி, குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களை விடுதலை செய்தது. அன்று படம் முடிந்து விளக்கைப் போட்டபோது யாரும் எழுந்திருக்கவில்லை. பிறகு ஒருவர், "நம்ம ஊர்ல 12 பேரு செத்தாங்களே, அதுக்குப் படம் இருக்கா?" என்றார். 1978இல் விழுப்புரத்தில் நடந்ததைத்தான் கேட்டார். அந்தக் கேள்வியைப் பல ஆண்டு சுமந்தோம். சிலரிடம் பேச்சைப் பதிவு செய்யவும் தொடங்கினோம், முடிக்கவில்லை. அன்று பேசியவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. இது எங்கள் குறைதான்.

அதே வரிசையில் ஆர்.ஆர்.சீனிவாசனின் 'நதியின் மரண'த்தையும் சொல்ல வேண்டும். 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகப் போன ஊர்வலத்தைக் காவல்துறை அடித்து விரட்டியதில் தாமிரபரணியில் 17 பேர் இறந்தார்கள். படத்தில் அந்த ஆற்றைப் பார்த்தபின் எங்கள் பெண்ணையாற்றங்கரைச் சிறுவர்கள் இரண்டு நாள் குளிக்கப் போகவில்லை என்று ஒரு தாய் எங்களைக் கடிந்துகொண்டார். சிறுவர்களை முன்னால் உட்காரவைத்து எதைப் போடுவது, எதை அவர்கள் தூங்கியபின் போடுவது என்று நாங்கள் யோசிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

இப்படியே சொல்லிக்கொண்டு போனால் விழா முழுக்க அழுகைதான் என்று படிப்பவர்கள் நினைத்துவிடக்கூடும். அதிகம் கைத்தட்டு வாங்கியது 'கர்ண மோட்சம்'. எஸ்.ராமகிருஷ்ணன் எழுத, முரளி மனோகர் இயக்கிய குறும்படம். தேசிய விருது பெற்றது. கர்ணன் வேஷம் கட்டும் ஒரு கூத்துக் கலைஞர் மகனோடு சென்னையில் ஒரு பள்ளிக்கு ஆட வருகிறார். வந்த இடத்தில் ஒரு சாவு; பள்ளி விடுமுறை. ஊர் திரும்பக் காசில்லை. சாப்பாட்டுக் கடையில் வேலை செய்யும் ஒரு சிறுமிக்கு அடவு சொல்லிக் கொடுக்கிறார். கால் மணி நேரப் படம். அந்தக் கூத்துக்காரராக வந்த ஜார்ஜ் மரியானை இன்று எல்லோரும் சினிமாவில் பார்த்துச் சிரிக்கிறார்கள். எங்கள் காலனிகளில் அவர் இன்னமும் 'கர்ணன்' தான்.

இந்தப் படத்தை நகரத்தில் போட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். நம் பக்கத்தில் போட்டால் வேறு மாதிரி. ஏனென்றால் கர்ண மோட்சம் இங்கே சாவு வீட்டுக் கூத்து. கருமாதி அன்று இரவு விடிய விடிய நடக்கும். பிறந்ததிலிருந்து அந்தக் கூத்தைக் கேட்டவர்கள் முன்னால் அந்தப் பெயரில் ஒரு படம். திண்டிவனம் பக்கம் ஒரு காலனியில் படம் முடிந்ததும் வயதான கூத்து வாத்தியார் ஒருவர் எழுந்தார். "படம் நல்லா இருக்குது. ஆனா அந்தப் புள்ளைக்கு அடவ அவரு அவசரமா சொல்லித் தர்றாரு. அப்டி வராது" என்றார். யாரோ ஒருவர், "நீ சொல்லித் தாயேன் பெரியப்பா" என்று குரல் கொடுக்க, வேட்டித் திரைக்கு முன்னாலேயே, புரொஜெக்டர் வெளிச்சத்தில், அவர் ஆடத் தொடங்கிவிட்டார். முழங்கால் வலிக்காரர். நிழல் பெரிதாக வேட்டியில் விழுந்தது. பத்து வயதுப் பெண்பிள்ளைகள் நாலைந்து பேர் எழுந்து அவர் பின்னால் நின்று காலை வைத்துப் பார்த்தார்கள். அன்று போடவேண்டிய மூன்று படங்கள் நின்றுபோயின. ஒருவரும் கேட்கவில்லை.

கூத்தைப் பெண்பிள்ளைகள் ஆடலாமா என்று அடுத்த நாள் காலனிக்குள்ளேயே ஒரு சச்சரவு வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வாத்தியார் ஒற்றை வரியில் முடித்தார்: "நாந்தான் சொல்லித் தந்தேன், என்னக் கேளு."

பிறமொழிப் படங்களுக்கு ஆள் கிடைத்தது தற்செயல். இங்கிலீஷ் துணையெழுத்தை வாசித்துச் சொல்ல நாங்கள் சிலர் இருந்தோம், வேகம் போதாது. ஒருமுறை, தாராவியில் பிறந்து வளர்ந்து தாத்தா ஊருக்குத் திரும்பியிருந்த ஒரு இளைஞர், "மராத்தி நமக்கு நல்லா வரும்ணே" என்று மைக்கைக் கையில் வாங்கினார். நாகராஜ் மஞ்சுளேயின் 'பிஸ்துல்யா' அப்படித்தான் எங்கள் மக்களுக்குத் தமிழில் வந்தது. பிறவியிலேயே திருடர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட பார்தி சமூகத்துச் சிறுவன், பள்ளிக்கூடத்துக்குப் போக ஆசைப்படுகிறான். மொழிபெயர்த்த தம்பி சும்மா இருக்கவில்லை. "இவங்க நம்ம ஊரு குறவருங்க மாதிரி. போலீசு எது காணாமப் போனாலும் இவங்களத்தான் புடிக்கும்" என்று இடையில் சொந்தச் சரக்கையும் சேர்த்தார். முதலில் எங்களுக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு பார்த்தால் கூட்டம் அதைத்தான் பிடித்துக்கொண்டு கேட்டது. 'ஃபன்றி', 'சைராட்' வந்து மஞ்சுளே பெயர் நாடெங்கும் தெரிந்தபோது, "இவரு நம்ம விழா ஆளுதானே" என்று எங்கள் பையன்கள் சொந்தம் கொண்டாடியது வேடிக்கை.

ஆனந்த் பட்வர்தனின் 'ஜெய் பீம் காம்ரேட்' 14 ஆண்டு உழைத்து எடுத்த படம். மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும். முழுவதும் போட எங்களுக்குத் துணிவில்லை. 1997 ஜூலை 11 அன்று மும்பை ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டதை எதிர்த்துக் கூடிய மக்களைக் காவல்துறை சுட்டு 10 பேர் இறந்தார்கள். அதைத் தாங்காமல் பாடகர் விலாஸ் கோக்ரே தற்கொலை செய்துகொண்டார். அந்தப் பகுதியை மட்டும் காட்டினோம். தாராவித் தம்பி மொழிபெயர்த்துக்கொண்டே வந்தவர், பாட்டு வந்த இடத்தில் மைக்கைக் கீழே வைத்துவிட்டார். அது எல்லோருக்கும் புரிந்தது.

எங்கள் தவறுகளையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறோம். லீனா மணிமேகலையின் 'மாத்தம்மா' குறுந்தகடு முதல் ஆண்டிலிருந்தே எங்கள் பெட்டியில் இருந்தது. அரக்கோணம் பக்கம் அருந்ததியர் பெண்குழந்தைகளைத் தெய்வத்துக்கு நேர்ந்துவிடும் வழக்கத்தைப் பற்றிய படம். "நம்ம வீட்டு அழுக்கை நாமே வெளிய காட்டணுமா?" என்று எங்களுக்குள் ஒருவர் கேட்க, மற்றவர்கள் மௌனமாக இருக்க, மூன்று ஆண்டு தள்ளிப்போனது. ஊரார் அழுக்கைக் காட்ட மட்டும் நமக்கு வேட்டி வெள்ளையாக இருந்தது. விழாக் குழுவில் அப்போது பெண்கள் ஒருவர்கூட இல்லை. அதைச் சுட்டிக்காட்டியவர் ஒரு சத்துணவு அமைப்பாளர். "ராத்திரி 8 மணிக்குப் படம் போட்டா நாங்க எப்ப சோறாக்கறது?" என்று அவர் கேட்டபிறகுதான் மாலை 4 மணிக்கு, பள்ளிக்கூட அறையின் சன்னல்களைச் சாக்கால் மூடி, பெண்களுக்கென்று ஒரு காட்சி வைத்தோம். 'மாத்தம்மா' அங்கே ஓடியது. அதே இயக்குநரின் 'தேவதைகள்' அங்கேதான் ஓடியது. ஒப்பாரி பாடும் ஒருவர், கடலுக்குப் போகும் ஒருவர், பிணங்களைப் புதைக்கும் ஒருவர் என்று மூன்று பெண்களின் படம். 2008 மும்பை விழாவில் தங்கச் சங்கு வாங்கியது. எங்கள் 12 விழாவில் நாங்கள் நடத்திய ஆகச் சிறந்த காட்சிகள் அந்த 4 மணிக் காட்சிகள்தான் என்று இப்போது தோன்றுகிறது. நாங்கள் அறைக்கு வெளியே நின்றிருந்தோம். உள்ளேயிருந்து வந்த சிரிப்பும் பேச்சும் எங்களுக்கு இன்னமும் முழுதாகப் புரியவில்லை.

எங்களுக்கு மிகவும் பிடித்த படம் எது என்று கேட்டால், மேலே சொன்ன எதுவும் இல்லை. அதற்கு இயக்குநர் பெயர் கிடையாது, தலைப்பு கிடையாது. 2010 விழாவில் ஓடியது. 6 நிமிடம்.

ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கி பிளஸ் டூ படித்த ஒரு மாணவன் எடுத்தது. அதற்கு முந்தைய ஐப்பசியில் அவன் ஆயா இறந்துபோனார். காலனியிலிருந்து சுடுகாட்டுக்குத் தார்ச்சாலை உண்டு. அது ஊர்த்தெரு வழியாகப் போகிறது. பாடை அந்த வழியே போகக்கூடாது. ஆகவே வாய்க்கால் கரையில் இறங்கி, நடவு வயல் வழியே போக வேண்டும். அடைமழை. இடுப்பளவு தண்ணீர். சித்தப்பாவின் நோக்கியா போனைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவன் பின்னால் நடந்திருக்கிறான்.

படத்தில் வசனம் என்று பார்த்தால் "பாத்து, பாத்து… பள்ளம்" என்பது மட்டும்தான். காலனி எல்லை வரை பறை அடித்துக்கொண்டு வருகிறார்கள். தண்ணீரில் இறங்கும் இடத்தில் பறை நின்றுவிடுகிறது. தோல் நனைந்தால் சத்தம் வராது என்பதால் அடிப்பவர்கள் பறையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொள்கிறார்கள். தோளில் பாடை, அதற்குப் பின்னால் தலைக்கு மேல் மூன்று பறைகள். அதன்பிறகு தண்ணீரைக் காலால் தள்ளும் சத்தமும் மூச்சு வாங்கும் சத்தமும் மட்டும். ஒரு இடத்தில் படம் சாய்ந்து இருட்டாகிவிடுகிறது. பையன் கால் வழுக்கியிருக்கிறான். போனைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டிருக்கிறான். இருட்டிலும் சத்தம் ஓடுகிறது. கடைசியில் மேட்டில் ஏறியதும் பறை மறுபடி கேட்கிறது. அங்கே முடிகிறது.

அவன் அதைப் படமாக நினைத்து எடுக்கவே இல்லை. வெளியூரில் வேலைக்குப் போயிருந்த அக்காவுக்கு ஆயா முகத்தைக் காட்டுவதற்காக எடுத்தான். விடுதியில் சக மாணவர்கள் பார்த்துவிட்டு எங்களிடம் கொண்டுவந்தார்கள். இருட்டான பகுதியை வெட்டிவிடலாமா என்று நாங்கள் கேட்டதற்கு, "அப்பதான்ணே ரொம்ப பயமா இருந்துச்சு. அது இருக்கட்டும்" என்றான். வெட்டவில்லை.

அன்றைக்குக் கூட்டத்தில் நாலு காலனிக்காரர்கள் இருந்தார்கள். முடிந்ததும் ஒருவர், "இது எங்க வாய்க்கால்தானே?" என்றார். இன்னொருவர், "இல்ல, எங்க ஊருது" என்றார். ஒவ்வொருவரும் தங்கள் ஊர் என்றே நினைத்திருக்கிறார்கள். அன்றிரவே பேசி முடிவெடுத்து, குறுந்தகடு 10 பிரதி போட்டு, திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனுவோடு இணைத்துக் கொடுத்தோம். அளக்க ஆள் வந்தார்கள். கல் நட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து மயானப் பாதை என்று மண் கொட்டி வாய்க்கால் பாலம் வரை வந்தது. அதற்கப்பால் பட்டா நிலம் என்று நின்றது. இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது.

இடையில் சட்டம் மாறியிருக்கிறது, மாணவர்கள் குறித்துவைத்துக்கொள்ளலாம். 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், சுடுகாடு, இடுகாடு, பொதுப்பாதை, நீர்நிலை ஆகியவற்றை மற்றவர்களோடு சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பது குற்றம் என்று தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. தார்ச்சாலை இருக்கும்போது பாடையை வயலில் இறக்கச் சொல்வது இந்தப் பிரிவுக்குள் வரும்.

2017 எப்படி முடிந்தது என்பதற்கு வருவோம். அந்த ஆண்டு தொடக்கத்தில் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' வந்திருந்தது. மலக்குழி மரணங்களைப் பற்றியது. கிட்டத்தட்ட 1 மணி 50 நிமிடம். தமிழ்நாட்டில் பல ஊர்களில் திரையிடலுக்கு அனுமதி மறுத்தார்கள். விழுப்புரத்தில் நாங்கள் முன்பணம் கட்டியிருந்த மண்டபத்தின் சொந்தக்காரர் முதல்நாள் மாலை போன் செய்து, "பணத்த வாங்கிட்டுப் போயிடுங்க சார், என்ன வுட்டுடுங்க" என்றார். அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை; அவருக்கும் யாரோ போன் செய்திருக்கிறார்கள். ஒரு காலனியின் அம்பேத்கர் மன்றத்துக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, 60 பேர் முன்னால் போட்டோம்.

படம் முடிந்து கலையும்போது ஒரு அக்கா தயங்கி நின்றார். கணவர் 2006இல் ஒரு தனியார் இடத்தில் மலக்குழிக்குள் இறங்கி இறந்தவர். மாரடைப்பு என்று எழுதி வாங்கிக்கொண்டு 20 ஆயிரம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். "பத்து லட்சம்னு படம் பாத்தவங்க பேசிக்கிறாங்களே, அது எங்களுக்கும் உண்டா?" என்று கேட்டார். உண்டு. 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது: 1993க்குப் பின் மலக்குழியிலும் சாக்கடையிலும் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம். மூன்று ஆண்டு ஆகியும் அந்தத் தீர்ப்பு அந்த அக்காவின் வீட்டுக்கு வந்துசேரவில்லை. நாங்களும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. அலுவலகத்துக்கு அலுவலகம் அலைந்து, மாரடைப்பு இல்லை என்று நிரூபித்து, பணம் கைக்கு வர நாலரை ஆண்டு ஆனது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியிருக்கிறது. இப்படி இறந்தவர் வீடு எதுவும் உங்களுக்குத் தெரிந்திருந்தால் சொல்லுங்கள்.

அதற்கடுத்த ஆண்டு மண்டபம் எதுவும் கிடைக்கவில்லை. குழுவில் இருவருக்கு வேலை மாற்றல். ஒருவர் கட்சிக்குப் போனார். இருவருக்குள் பேச்சுவார்த்தை நின்றது. காரணம் இப்போது அவர்களுக்கே சரியாக ஞாபகமில்லை. பிறகு கொரோனா. 'கர்ண மோட்சம்', 'கக்கூஸ்' இரண்டும் யூடியூபில் கிடைக்கின்றன. போன் செய்த தம்பியிடமும் அதைத்தான் சொன்னோம். "பாத்தேன்ணே. ஆனா பக்கத்துல ஆயா இல்லியே, 'ஆமாண்டி ஆமாண்டி'ன்னு சொல்றதுக்கு" என்றார். திரைக்குப் பதில் சொன்ன அந்தப் பாட்டியின் பேரன் அவர் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

போனை வைத்தபின் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினோம். 63 குறுந்தகடுகள். பாதிக்குமேல் பூஞ்சை. படிக்க வைக்கவே ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தேட வேண்டியிருந்தது. 'பீ' ஓடுகிறது. 'ராமையாவின் குடிசை' நடுவில் நின்று நின்று ஓடுகிறது. ஐப்பசித் தண்ணீரில் எடுத்த 6 நிமிடம் மட்டும் பெட்டியில் இல்லை. எடுத்த பையன் இப்போது ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்ட் வேலையில் இருக்கிறார், அவரிடமும் இல்லை. அந்த நோக்கியா எப்போதோ எடைக்குப் போய்விட்டது. மனுவோடு கொடுத்த பிரதியைக் கேட்டு விண்ணப்பித்தோம். கோப்பு கிடைக்கவில்லை என்று பதில் வந்திருக்கிறது.

சென்ற ஐப்பசியில் அதே வாய்க்காலில், பாலத்துக்கு அப்பால், இன்னொரு பாடை தண்ணீரில் இறங்கியது. புதிய மனு ஒன்று தயாராகிறது. 2009 மழையிலேயே இப்படித்தான் இருந்தது என்று காட்ட அந்த 6 நிமிடம் வேண்டும். அன்று போட்ட 10 பிரதிகளில் சில, பார்க்க வந்திருந்த மற்ற காலனிக்காரர்கள் வாங்கிக்கொண்டு போனவை. வெள்ளைக் காகித உறை. மேலே நீல மையில் தேதி மட்டும் எழுதியிருக்கும்: 14.4.2010. டிவிக்குக் கீழே, பழைய சினிமாப் பாட்டுக் குறுந்தகடுகளோடு கிடக்கலாம். ஒருமுறை பார்த்துவிடுங்கள்.